மனநல மருத்துவரிடம் முதல் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடைமுறையும் சட்ட உரிமையும்

மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவரையும், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொள்பவரையும், பிள்ளை பெற்ற பின் காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கும் பெண்ணையும் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் குடும்பத்தார் தயங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு அச்சங்களே காரணம். அங்கே என்ன செய்வார்கள் என்பது தெரியாத அச்சம் ஒன்று; ஏட்டில் பெயர் ஏறிவிட்டால் வேலைக்கும் திருமணத்துக்கும் சொத்துக்கும் கேடு வந்துவிடுமோ என்னும் அச்சம் மற்றொன்று. முதல் அச்சத்துக்கு மருத்துவமனை நடைமுறையிலும், இரண்டாவதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் விடை இருக்கிறது. இந்த விவரங்கள் கிராமங்கள் வரை சென்று சேராததால்தான், தொடக்கத்திலேயே எளிதாகக் குணப்படுத்தக்கூடிய நோய்கள் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகின்றன.

எங்கே செல்வது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. இவை தவிர, மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சென்று நோயாளிகளைப் பார்க்கின்றனர். பென்னாகரத்திலோ அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஊத்தங்கரையிலோ வசிப்பவர்கள், தங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குக் குழு எந்த நாளில் வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்கூட்டியே கேட்டறிந்து புறப்பட்டால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் வீணாகாது. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996இல் உருவான இந்த மாவட்டத் திட்டம், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திப் பார்த்த முன்மாதிரியைத் தழுவியது. நிம்ஹான்ஸ் பெங்களூருவின் ஓசூர் சாலையிலேயே இருப்பதால் ஓசூர்ப் பகுதியினர் பலர் நேராக அங்கே செல்ல விரும்புகின்றனர். அதில் தவறில்லை. எனினும் மனநோய்ச் சிகிச்சையில் மாதந்தோறும் தவறாமல் மருத்துவரைப் பார்ப்பதே முக்கியம் என்பதால், சென்று வரக்கூடிய தூரத்தில் உள்ள மருத்துவமனையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

செலவைப் பொறுத்தவரை சட்டத்தின் 18ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களும் வீடற்றவர்களும், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும்கூட, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமை உடையவர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

புறநோயாளிச் சீட்டு பெற்று உள்ளே சென்றால் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். ஊசியோ மின்சாரமோ முதல் நாளில் காத்திருப்பதில்லை. சர்க்கரையைக் கண்டறிய இரத்தம் எடுப்பது போல மனச்சோர்வையோ மனச்சிதைவையோ காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாததால், நோயாளி சொல்வதையும், உடன் வந்தவர் சொல்வதையும், மருத்துவர் தம் கண்ணால் காண்பதையும் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. ஆகவே கேள்விகள் ஏராளமாக இருக்கும்; சில, வந்த சிக்கலுக்குத் தொடர்பில்லாதவை போலவும் தோன்றும்.

எப்போது தொடங்கியது, திடீரென வந்ததா மெல்ல மெல்ல வந்ததா, அதற்கு முன் வீட்டில் இழப்போ கடனோ வேலை மாற்றமோ நிகழ்ந்ததா என்று தொடங்கி, தூக்கம், பசி, வேலையில் நாட்டம், தாம்பத்தியம், குடிப்பழக்கம், புகையிலை, முன்பு வந்த நோய்கள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள், இரத்த உறவில் யாருக்காவது மனநோயோ வலிப்போ தற்கொலையோ இருந்ததா என்பது வரை கேட்பார்கள். இரத்த உறவைப் பற்றிய கேள்வி குடும்பத்தை இழிவுபடுத்துவதற்கு அல்ல. சில நோய்கள் குடும்பவழியில் வரும் வாய்ப்பு உண்டு. அதோடு, அண்ணனுக்கு நன்றாக வேலை செய்த மருந்து தம்பிக்கும் உதவக்கூடும். குடிப்பழக்கத்தை மறைப்பது ஆபத்தானது; நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் மனநோயாகத் தவறாகக் கொள்ள நேரலாம். கோயிலிலோ தர்காவிலோ மந்திரித்திருந்தால் அதையும் சொல்லலாம். காற்றுக் கருப்பு என்று நம்பி எத்தனை மாதம் கழிந்தது என்பதுகூட நோயின் காலத்தைக் கணக்கிட மருத்துவருக்கு உதவும். நாட்டுமருந்து, லேகியம் முதலியவற்றையும் பெயர் தெரியாவிட்டால் கையிலேயே எடுத்துச் சென்று காட்ட வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் வேறொன்றையும் கவனிக்கிறார். உடை, நடை, முகபாவம், பேச்சின் வேகம், ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை அவரது குறிப்பேட்டில் இடம்பெறும். பிறகு, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா, உங்களைப் பற்றிப் பிறர் பேசிக்கொள்வதாகத் தோன்றுகிறதா, தொலைக்காட்சி உங்களை நோக்கிப் பேசுகிறதா என்று கேட்பார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்பன போன்றவையும் வரலாம். இவை நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றை அறிவதற்கான எளிய வழிகள். பள்ளிக்குச் செல்லாதவரிடம் அவருக்குப் பழக்கமான முறையில், உதாரணமாக 20 ரூபாய் கொடுத்து 13 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்பதுண்டு. இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. தெரியவில்லை என்பதும் மருத்துவருக்கு ஒரு விடைதான்.

உடன் வந்தவரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னால் வருந்த வேண்டாம். மாமியாரின் முன்னால் மருமகளும், தந்தையின் முன்னால் மகனும் சொல்ல முடியாதவை இருக்கின்றன. தனியே பேச வேண்டும் என்று நோயாளியே கேட்கவும் செய்யலாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அதற்கு ஏதேனும் வழி யோசித்தீர்களா என்ற கேள்வியும் கட்டாயம் வரும். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. மாறாக, அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டதில் பலருக்கு மூச்சு இலேசாகிறது. வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்பார்கள். இருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, ஊர் திரும்பியதும் அப்புறப்படுத்த வேண்டும். பூச்சிமருந்து குடித்து அவசரச் சிகிச்சைப் பிரிவில் பிழைத்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பும் முன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்; காவல் துறைக்குத் தகவல் போய்விடும் என்று அஞ்சி இந்தச் சந்திப்பைத் தவிர்த்து ஓடிவிடும் குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கிய பழைய சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை.

இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும் எழுதப்படலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை ஏற்றத்தாழ்வு ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றுவதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும். தலை ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

முதல் நாளிலேயே நோயின் பெயர் சொல்லப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில வாரங்கள் கவனித்த பிறகே உறுதிப்படுத்தக்கூடிய நோய்கள் பல. மருந்து தொடங்கினாலும், மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். பலன் தெரியவில்லை என்று பத்தே நாளில் நிறுத்துவதும், நலமானதும் சொல்லாமல் நிறுத்துவதும் நோயைத் திரும்ப அழைத்துவிடும். நோய் என்ன, சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கும்படி கேட்பது அவரது உரிமை. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதியினர் இதைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

ஏட்டில் ஏறும் பெயர்

இரண்டாவது அச்சத்துக்கு வருவோம். ஒருவருக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் முடிவு செய்தால் மட்டும் அவர் சித்த சுவாதீனம் இழந்தவர் ஆகிவிடமாட்டார். தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தால் ஒழிய அப்படிக் கொள்ள முடியாது என்று 3ஆம் பிரிவு கூறுகிறது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் காட்டி இப்போதும் நோய் இருப்பதாக முடிவு கட்டவும் முடியாது. சாதி, பணம், அரசியல் ஆகியவற்றாலோ, ஊர் வழக்கத்துக்கு மாறாக நடந்தார் என்பதாலோ ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு தடுக்கிறது. பங்காளித் தகராறில் மருத்துவச் சீட்டைக் காட்டி நிலத்தை எழுதி வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். காதலித்த மகளை மனநோயாளி என்று சொல்லி அழைத்து வருவோரும் அறிந்திருக்க வேண்டும்.

நோயாளி சொன்னவற்றை இரகசியமாக வைத்திருப்பது 23ஆம் பிரிவின்படி மருத்துவரின் கடமை. தம்முடைய அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற 25ஆம் பிரிவு நோயாளிக்கு வழி செய்கிறது. இரகசியத்துக்கு விலக்குகள் உண்டு: பிறருக்கு ஆபத்து நேரும் நிலை, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை, சிகிச்சையில் பங்கேற்கும் பிற மருத்துவர்கள், நோயாளி நியமித்த பிரதிநிதி ஆகியோர் தொடர்பானவை.

பரிசோதனைக்குச் சென்றாலே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது உண்மையல்ல. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். தாமாக விரும்பிச் சேர்பவர் (86ஆம் பிரிவு) தம் விருப்பப்படி வெளியேறவும் உரிமை உடையவர். சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மருத்துவர் அவரை 24 மணி நேரம் வரை மட்டுமே நிறுத்தி மதிப்பிடலாம். நோயாளி தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ தம்மைப் பேணிக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்து, பிரதிநிதி விண்ணப்பித்தால், ஒரு மனநல மருத்துவரும், மனநல வல்லுநரோ மருத்துவரோ ஆன மற்றொருவரும் தனித்தனியே பரிசோதித்த பிறகே 89ஆம் பிரிவின்படி 30 நாள் வரை சேர்க்கலாம். சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டுண்டு கிடந்த 28 பேர் இறந்ததை நினைத்தால், இந்த ஒரு வரி எவ்வளவு விலை கொடுத்து வந்தது என்பது விளங்கும். மயக்கமருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது.

கிருஷ்ணகிரி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆதரவின்றித் திரிபவர்களைக் காணும்போது காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். அவர்களை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்காக அழைத்துச் செல்வது 100ஆம் பிரிவின்படி காவல் துறையின் கடமை; லாக்கப்பில் வைக்கக் கூடாது.

நீண்டகால மனநோயால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டவர்கள், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஊனச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். இதற்கான மதிப்பீடு வேறு. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கையும் நோயின் காலத்தையும் வைத்து விழுக்காடு கணக்கிடுவார்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகளுக்கு வழி பிறக்கும். முதல் வருகையிலிருந்தே சீட்டுகளையும் மருந்து விவரங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் இந்த இடத்தில் பயன்படும்.

நேரில் செல்லும் முன் பேசிப் பார்க்க விரும்புவோர் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். மருத்துவமனையில் உரிமை மறுக்கப்பட்டால் முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு அலுவலரிடமும், தீர்வு கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், பின்னர் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிட 28ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்கு வேண்டிய இலவசச் சட்ட உதவியை 27ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.