ரைவலும் ரிக்கிஷியின் பட்டினியும்: மங்கா படிக்கும் இளம் ஆட்டக்காரர்களுக்கும் அவர்களின் பயிற்சியாளர்களுக்கும்

பிசியோ மேசையில் வந்து படுக்கும் பதின்வயது ஆட்டக்காரர்களில் விளையாட்டு மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) படிப்பவர்களைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. வலி எப்போதிலிருந்து என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்லமாட்டார்கள்; தங்களை முந்திப் போன ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ரைவல் இல்லாத ஆட்டக்காரர் பயிற்சியை அரைமணி நேரத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

மங்காவில் ரைவல் என்பவர் நாயகனின் வளர்ச்சியை அளந்து காட்டும் ஆள். 'கோ' என்ற பலகை ஆட்டத்தைப் பற்றிய 'ஹிகாரு நோ கோ'வில் தோயா அகிரா, ஹிகாருவுக்குள் இருக்கும் சாய் என்ற ஆவியிடம் தோற்று அவனைத் துரத்துகிறான். பள்ளிப் போட்டியில் ஹிகாரு சொந்தமாக ஆட ஆரம்பித்ததும் அந்த மட்டமான ஆட்டத்தைப் பார்த்துக் கொதிக்கிறான். அதன்பின் துரத்துவது ஹிகாருவின் முறை. வெறும் பலகையும் கல்லும் என்பதால் இந்தத் துரத்தலுக்குத் தூக்கமும் மானமும்தான் விலை. ஓடிக் குதிக்கும் ஆட்டங்களிலோ விலையை முழங்காலும் முதுகும் கட்டுகின்றன. நல்ல மங்கா ஆசிரியர்கள் அந்த விலையையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும் படத்தில்தான் அது இருக்காது.

1968 முதல் 1973 வரை வெளிவந்த குத்துச்சண்டை மங்கா 'ஆஷிதா நோ ஜோ' இதற்கு மூத்த உதாரணம். யாபுகி ஜோவும் ரிக்கிஷி தோருவும் சிறார் சீர்திருத்தப் பள்ளியில் முட்டிக்கொள்கிறார்கள். ஓவியர் சிபா தெட்சுயா முதல் சந்திப்பிலேயே ரிக்கிஷியை ஜோவைவிட மிகப் பெரிய உருவமாக வரைந்துவிட்டார். அவன்தான் முக்கிய எதிராளி என்று ஆனபிறகு, இருவரும் ஒரே எடைப் பிரிவில் மோத வழியில்லை. அதனால் கதையே ரிக்கிஷியைப் பட்டினி போட்டது. அவன் வெல்டர் எடையில் ஆடியவன், ஜோ பேன்டம். அந்த இரண்டு பிரிவுகளின் உச்சவரம்பு 66.7 கிலோவும் 53.5 கிலோவும். இடையில் 13 கிலோ!

பலருக்கும் நினைவில் நிற்பது எட்டாம் சுற்று நாக்-அவுட். வென்ற ரிக்கிஷி கை குலுக்க நீட்டியபடியே சரிந்து சாகிறான். 1970 மார்ச் 24 அன்று கோதான்ஷா பதிப்பகத்தில் கவிஞர் தெராயாமா ஷூஜியின் ஏற்பாட்டில் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு இறுதிச் சடங்கே நடந்தது. சுமார் 700 பேர் கூடினார்கள். ஆனால் படிப்பவர்களை நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டிய பக்கங்கள் அந்தச் சண்டைக்கு முன்னால் இருக்கின்றன. தாகம் தாங்காமல் ரிக்கிஷி தண்ணீர் தேடி அலைகிறான். குழாய்களைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். அவன் சேர்ந்திருக்கும் குத்துச்சண்டை மன்றத்தின் தலைவி யோகோ மனம் இளகி ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து தருகிறாள். நன்றி சொல்லிவிட்டு அதைத் தரையில் ஊற்றிவிடுகிறான். வீரம் என்று எடுத்துக்கொள்ளப்படும் இடம் இது. மருத்துவக் கண்ணுக்கு இது ஆட்டத்திலிருந்து உடனே விலக்க வேண்டிய ஆள்.

காரணம் எளிது. 50 கிலோ பையனுக்கு உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைவது என்றால் 1 லிட்டர். அந்த அளவிலேயே ரத்தத்தின் கன அளவு குறைகிறது, இதயம் அதே வேலைக்கு வேகமாகத் துடிக்கிறது, வியர்வை குறைவதால் உள்ளே சூடு ஏறுகிறது. எடை பார்த்து முடித்ததும் மடமடவென்று குடித்தால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வயிறு நிறையும், தசைக்கும் ரத்தத்துக்கும் அந்த நீர் போய்ச் சேர மணிக்கணக்காகும். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், ரப்பர் உடையோடு சூடான அறையில் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன்பிறகே அங்கே ரப்பர் உடையும் நீராவி அறையும் தடையாயின. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. 50 கிலோ ஆளுக்கு அது 750 கிராம். வளரும் வயதில் அதுவே அதிகம் என்பது எங்கள் கருத்து. அந்த வயதில் பிரிவை மாற்றுவதுதான் முறை, உடம்பை அல்ல.

வீட்டிலேயே கண்காணிக்கலாம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடாமல், அதே தராசில் எடை. பயிற்சிக்கு முன்பும் பின்பும், வியர்த்த உடையைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை. பயிற்சியில் 1 கிலோவுக்கு மேல் இறங்குகிறது என்றால் இடையில் குடிப்பது போதவில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தாலும் அதே பொருள். ஒரே நாளில் 2 கிலோ “குறைத்துவிட்டேன்” என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளை இழந்தது கொழுப்பு இல்லை, தண்ணீர்.

ஜோவின் கதை ரிக்கிஷியோடு முடியவில்லை என்பதுதான் கதாசிரியர் கஜிவாரா இக்கியின் எழுத்துக்குப் பெருமை. எதிராளியின் முகத்தில் அடித்தாலே வாந்தி எடுக்கிறான் ஜோ. மீண்டு வந்தபின் அவன் உடம்பு வளர்கிறது. மேல் எடைப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். மறுக்கிறான். ரிக்கிஷி உயிரைக் கொடுத்து இறங்கி வந்த இடம் பேன்டம் எடை, அங்கிருந்து நகரமாட்டேன் என்கிறான். செத்துப்போன ரைவல் ஒருவன் உயிரோடு இருப்பவனின் சாப்பாட்டுத் தட்டை முடிவு செய்கிறான். இதைக் குணநலன் வளர்ச்சி என்று மட்டும் படித்துவிட்டுப் போவது கதைக்கே செய்யும் அநியாயம். இன்னொரு குத்துச்சண்டை மங்கா 'ஹாஜிமே நோ இப்போ'வில் மியாதா, நாயகன் இப்போவோடு மோத வேண்டும் என்பதற்காகவே ஃபெதர் எடையில் வருடக்கணக்காக உடம்பை வதைப்பதும் இதே நோய்.

கூடைப்பந்து மங்கா 'ஸ்லாம் டங்க்' (1990–1996, 31 தொகுதிகள்) வேறு ரகம். சகுராகி ஹனமிச்சிக்கு ருகாவா கயேதேவைக் கண்டாலே ஆகாது. இருவரும் ஒரே அணி என்பதால் ரைவலின் உடம்பைவிட அவன் நுட்பத்தைப் பார்க்கும் வாய்ப்பு தினமும் கிடைக்கிறது. சகுராகி வேகமாகக் கற்பதற்கு இதுதான் காரணம். ருகாவாவும் வளர்கிறான்: சன்னோ பள்ளி அணிக்கு எதிரான ஆட்டத்தில் தனியாக முட்டிப் பார்த்துவிட்டு, பந்தைப் பிறருக்குக் கொடுக்கக் கற்கிறான். கடைசி நொடியில் அந்தப் பாஸ் சகுராகிக்கே வருகிறது, 79–78.

ஆனால் அதே ஆட்டத்தில் பந்தைக் காப்பாற்றப் பாய்ந்து சகுராகியின் முதுகு அடிபடுகிறது. முதுகு ஆட்ட வாழ்க்கையையே பாதிக்கும் என்று மேனேஜர் ஆயாகோ எச்சரிக்கிறாள். பயிற்சியாளர் அன்சாய் சொல்வதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: காயம் தெரிந்தும் அவனை வெளியே எடுக்கவில்லை, அவன் ஆட்டம் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், பயிற்சியாளராக நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறார். சகுராகி மறுபடி ஆட இறங்குகிறான், ஜெயிக்கிறார்கள், அடுத்த ஆட்டத்தில் அணி படுதோல்வி அடைகிறது, அவன் கடற்கரையில் மறுவாழ்வுச் சிகிச்சையில் இருக்கிறான். முதுகில் அடிபட்டவருக்குக் காலில் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கோர் என்ன என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சகுராகி ஒரு வாரத்தில் போட்ட 20,000 ஷாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளுக்கு 2,857, பத்து மணி நேரம் நின்றால் சுமார் 13 நொடிக்கு ஒன்று. வளரும் முழங்காலில், தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் வலி பிடிக்க இது தாராளம். அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேறு: ஷாட்டை வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்தினார்கள். களைப்பில் வடிவம் கெட்டபின் போடும் ஒவ்வொரு ஷாட்டும் தவறைத்தான் பழக்குகிறது. அங்கே நிறுத்துவது சோம்பேறித்தனம் ஆகாது.

பேஸ்பால் மங்கா 'மேஜர்' நாயகன் கோரோ சிறுவனாக இருக்கும்போதே வலது தோளைக் கெடுத்துக்கொண்டு இடது கைக்கு மாறுகிறான். ஜப்பானின் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் 2020 முதல் ஒரு வீச்சாளருக்கு வாரத்துக்கு 500 வீச்சு என்று வரம்பு வைத்தது. தாமதம்தான்.

இந்த விஷயத்தில் எங்கள் ஓட்டு வாலிபால் மங்கா 'ஹைக்யூ'வுக்கு (2012–2020, 45 தொகுதிகள்). ஹினாதா ஷோயோவும் ககேயாமா தோபியோவும் ஒரே அணியில் இருக்கும் ரைவல்கள். ஆரம்பத்தில் ஹினாதா கண்ணை மூடிக்கொண்டு குதித்து அடிப்பான், பந்தைக் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ககேயாமாவின் வேலை. பிறகு கண்ணைத் திறந்து தானே அடிப்பேன் என்று சண்டை போடுகிறான். அந்தச் சண்டையால் ககேயாமாவும் தன் டாஸை (அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதை) மாற்றி, பந்து உச்சியில் வேகம் இழந்து நிற்கும்படி போடப் பழகுகிறான். ஒருவன் கேட்டதால் இருவரும் மாறினார்கள்.

தேசியப் போட்டியில் ஒரே நாளில் இரண்டாவது ஆட்டம். மூன்றாம் செட்டில் ஹினாதா சரிகிறான், காய்ச்சல். அணிக்குப் பொறுப்பான பள்ளி ஆசிரியர் தகேதா அவனை வெளியே எடுக்கிறார். அழுது கெஞ்சியும் விடவில்லை. இதுவும் வாலிபால்தான், உயரம் குறைந்த உனக்கு வாய்ப்புகள் குறைவு, அதனால் நீதான் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்கிறார். ககேயாமாவும் ஆறுதல் சொல்வதில்லை, முன்னால் போய்விடுகிறான். அணி தோற்கிறது. அந்த அவமானத்துக்கு ஹினாதா தரும் பதில் பிரேசிலின் ரியோ கடற்கரையில் இரண்டு ஆண்டுகள்: சாப்பாடு, தூக்கம், மூச்சு எல்லாவற்றையும் பயிற்சியின் பகுதியாக எடுத்துக்கொள்கிறான். திரும்பி வந்து ககேயாமாவின் எதிர் அணியில் நிற்கிறான். அன்சாய் செய்யாததைத் தகேதா செய்தார், அந்தப் பையனும் எதையும் இழக்கவில்லை.

ரைவலைப் பற்றிக் குறித்துவைக்க நோட்டு வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் எதிராளியிடம் பழகிப் பெறக்கூடியவை: கால் வைப்பு, பந்தை விடும் நேரம், சர்வுக்கு முன் அவர் பார்க்கும் திசை. மறுபக்கம் உயரம், எடை, வயது. இந்த மறுபக்கத்தை வைத்து எந்தப் பயிற்சித் திட்டமும் போடக் கூடாது. வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். எதிராளி அன்று பயிற்சி செய்கிறார் என்று தெரிந்தாலும் அழிக்காதீர்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. யாரை எப்போது வெளியே எடுப்பது என்பதைப் போட்டிக்கு முந்தின நாளே பெற்றோரோடு பேசி எழுதி வையுங்கள்: காய்ச்சல், தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி அல்லது குழப்பம், நொண்டி நடப்பது, கால் மரத்துப்போவது. தலையில் அடிபட்டவர் அன்று திரும்ப இறங்கவே கூடாது. பிறகு லேசான ஓட்டம், தனிப் பயிற்சி, மருத்துவர் சரி சொன்னபின் மட்டும் மோதல் உள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம் என்று படிக்குப் படி குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். ஸ்கோர் 78–77 ஆக இருக்கும்போது இதை யோசிக்க உட்கார்ந்தால் அன்சாய் எடுத்த முடிவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள்.