மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை: ஊட்டிக்கு பஸ் ஏறும் முன் சான்றிதழைப் பாருங்கள்

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ பெரியவரோ வீட்டில் இருந்தால், தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரிக்கு முன்பு 1500. வரலாறு இவ்வளவு போதும். தகுதி இருந்தும் பணம் வராத குடும்பங்கள் நீலகிரியில் பந்தலூர், கூடலூர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயன் வீடுகளில் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன. அவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பாதிப் பேர் குறைபாடு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் எழுதித் தரும் சான்றிதழிலேயே விழுகிறார்கள். அறிவுசார் குறைபாடு, அதாவது மனவளர்ச்சி குன்றிய நிலை என்றால் 40 சதவீதம் இருந்தாலே இந்தத் தொகை உண்டு. கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஆனால் எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்து கை கால் 60 சதவீதம் என்று எழுதி அனுப்பிவிடுவார், புத்திக்கூர்மைப் பரிசோதனை நடந்தே இருக்காது. 40-ஐத் தாண்டிவிட்டதே என்று அந்த அம்மா மனு கொடுப்பார், 75 இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஏன் என்று ஒருவரும் விளக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படியே பல வருடம் தொகை இல்லாமல் இருந்தது, அந்தப் பையனுக்குப் பேச்சே வராது என்பது கவுன்டரில் இருந்த எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும். இரண்டு குறைபாடும் இருந்தால் இரண்டையும் மதிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள், எழுதியதை அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள்.

சான்றிதழ் கொடுக்கும் முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மனநல மருத்துவரோ உளவியலாளரோ வருகிறாரா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். அவர் வராத முகாமில் உங்களுக்கு மிஞ்சுவது ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்ற சீட்டுதான், ஒரு நாள் கூலியும் போய்விடும்.

அப்புறம், குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். 5, 10, 18 வயதில் மறுபடி மதிப்பிட வேண்டும். தேதி முடியப்போகிறது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை, காலாவதியானால் தொகை நிற்கக்கூடும். தேதியை ரேஷன் கார்டு அட்டையிலாவது எழுதி வையுங்கள்.

எந்த அலுவலகம் என்பதில் அடுத்த குழப்பம். தாலுகா அலுவலகத்தில் வருவாய்த்துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. நான் சொல்லும் பராமரிப்புத் தொகைக்கு ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இங்கே போனால் அங்கே போ, அங்கே போனால் இங்கே போ என்று விரட்டுவதற்கு இந்த ஒரு குழப்பம் போதும். பந்தலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவரிடம் "ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது, நாளைக்கு வாங்க" என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ! அதனால் ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஆதாரில் பெயர், இனிஷியல் மாறியிருந்தால் அதை முதலில் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தபின் வங்கியில் நிற்கும்.

மனுவுக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "நிதி ஒதுக்கீடு வரவில்லை" என்றால் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் எண் என்ன என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் அந்த ரசீதை இணைத்து மனு கொடுங்கள், ரசீது இல்லாத மனுவை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். சான்றிதழுக்கோ அடையாள அட்டைக்கோ கட்டணம் கிடையாது, "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தொகை வரத் தொடங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கேட்பார்கள், அதைத் தவறவிட்டால் நின்றுவிடும்.

பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர் உண்டு. நடக்க முடியாத பிள்ளை என்றால் வீட்டுக்கே வரச் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் வர மாட்டார்கள்.

பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் பெற்றோர் கையெழுத்து செல்லாது என்று வங்கி சொல்லும். கோர்ட்டுக்குப் போகச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவே பாதுகாவலர் சான்றிதழ் தரும், அதை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. 18 முடிந்ததும் அந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள், கணக்கை முடக்கும்வரை காத்திருக்காதீர்கள்.