பொட்டலில் வானம்பாடியை அடையாளம் காணல்

காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண் பொட்டல்களையும் கோடையில் வற்றிய கண்மாய் உள்வாய்களையும் ஒன்றுமில்லாத தரிசு என்றே பலரும் கடந்து போகிறார்கள். பறவைக் கணக்கெடுப்புக்காக அங்கே நடக்கும் நான், உடன் வருவோருக்கு முதலில் காட்ட விரும்புவது, தரையிலேயே இரைதேடித் தரையிலேயே முட்டையிடும் சாம்பல் தலை வானம்பாடியை.

ஆணை அறிவது எளிது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுச் சிறிய உடல், தடித்த அலகு, சாம்பல் நிற உச்சி, வெளிறிய கன்னம், கண்ணை ஊடறுக்கும் கருங்கோடு, கரிய வயிறு. பெண்ணோ மண் நிறம். அதைச் சிட்டுக்குருவிப் பெட்டை என்று குறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள் என்பேன். சிட்டுக்குருவி தத்திச் செல்லும். வானம்பாடி குட்டைக் கால்களால் தரையை ஒட்டிக் குறுகுறுவென ஓடி, சட்டெனப் பதுங்கி அசையாதிருக்கும். அதே நிலத்தில் மெலிந்த உடலும் நீண்ட காலுமாக நிமிர்ந்து நடந்து வாலை ஆட்டுவது வயல் நெட்டைக்காலி. மின்கம்பியில் அமர்ந்து பாடினால் அது பெரும்பாலும் ஜெர்டன் புதர்வானம்பாடி. பறக்கையில் அதன் சிறகில் செம்பழுப்பு தெரியும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண், சிறகைப் படபடத்து ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் ஏறி, சிறகை மடக்கித் தலைகுப்புற விழுந்து, விழுந்த வேகத்திலேயே மீண்டும் எழும்பி, இப்படிப் பலமுறை சீழ்க்கையொலியோடு செய்தபின் ஏதேனும் ஒரு மண்கட்டியின்மேல் இறங்கும். இறங்கிய இடத்தை நோக்கி உடனே கேமராவுடன் ஓடுவதுதான் தவறு. கூடு என்பது மாட்டுக் குளம்புத் தடத்திலோ செடியடியிலோ புல் பரப்பி, விளிம்பில் சிறு கற்கள் வைத்த பள்ளம். அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாப்பதே உச்சிவெயிலிலிருந்து முட்டைகளைக் காக்கிறது. அலகில் புழுவை வைத்துக்கொண்டு இறங்காமல் ஒரு பறவை உங்களைச் சுற்றினால், குஞ்சுகள் உங்கள் காலடிக்கு அருகில் இருக்கின்றன என்று பொருள். வந்த தடத்திலேயே பின்வாங்கி, தொலைநோக்கியால் பாருங்கள். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது.

வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைக் கைவிட்ட ஊர்கள் உள்ள சீமை இது. மரத்தில் கூடு கட்டும் பறவைக்குக் கிடைத்த அந்தப் பரிவு பொட்டல் பறவைக்குக் கிடைக்கவில்லை. அதன் நிலத்தில் தைலமரத்தையோ மனைக்கற்களையோ நட்டுவிடுகிறோம். மரக்கன்று நடும் குழுக்கள், குழி எடுக்கும் முன் பங்குனி, சித்திரையில் ஒரு காலையேனும் அந்த இடத்தை நடந்து பார்த்து, வானம்பாடி எழும்பி இறங்கும் பொட்டலை விட்டுவிட்டுச் சாலையோரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.