நாய்க்கடிப் புண்ணும் ஒரு பழைய பெயர்ச்சொல்லும்

"நாய் நக்கியது, ஊசி தேவையா?" என்று என்னிடம் கேட்காத நாளே இல்லை. நான் முதலில் தோலைத்தான் பார்ப்பேன். பழுதில்லாத தோலில் எச்சில் பட்டிருந்தால் கழுவினால் போதும். புண்ணில் பட்டிருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப்பொருள்) போட்டே ஆக வேண்டும்.

வெறிநாய்க்கடி நோயைத் தருவது ஒரு வைரஸ். வைரஸ் என்ற சொல் லத்தீனில் 'வீருஸ்'. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் செல்சஸ், வெறிநாய் கடித்தால் அதன் வீருஸை உறிஞ்சுகுப்பி வைத்து வெளியே இழுக்க வேண்டும் என்று எழுதினார். அன்று அது கிருமியின் பெயர் அன்று. நஞ்சு, பிசுபிசுப்பான நீர் என்று பொருள்.

இலக்கணத்தில் அது தனிப்போக்கு உடையது. 'உஸ்' என்று முடியும் லத்தீன் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால், இதுவோ அஃறிணைப்பால். எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் வடிவம் மாறாது. பழைய இலக்கியங்களில் இதற்குப் பன்மை கிடைக்கவில்லை. நஞ்சை யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதன் உறவுச்சொல் 'விஸ'. அதுவும் அஃறிணைப்பால், இரண்டு வேற்றுமைக்கும் 'விஸம்' என்ற ஒரே வடிவம். வடமொழி 'விஷ'வின் ஷகரம் பாலியில் ஸகரமானது. லத்தீனிலோ உயிர்களுக்கு நடுவே நின்ற பழைய ஸகரம் ரகரமாகத் திரிந்தது. நாம் சொல்லும் விஷமும் விடமும் இதே குடும்பம்தான்.

என்னை வியக்க வைப்பது இவ்விரு மொழியாரும் கண்ட உண்மை. கையில் புண் இல்லாதவன் நஞ்சைக் கையில் ஏந்தலாம், புண்ணற்ற இடத்தில் நஞ்சு ஏறாது என்கிறது பாலி மொழியிலுள்ள பௌத்த அறநூலான தம்மபதத்தின் 124-ஆம் பாடல். தீமை செய்யாதவனைத் தீமை அணுகாது என்பதற்கு அது உவமை. செல்சஸோ, பாம்புக் கடிவாயை உறிஞ்சுபவர் தம் ஈறிலும் அண்ணத்திலும் புண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறார். (இன்று எந்தக் கடிவாயையும் யாரும் உறிஞ்சக் கூடாது.)

வெறிநாய்க்கடியில் இந்த விதிக்கு விலக்கு உண்டு. கண்ணிலோ வாயின் உட்புறத்திலோ எச்சில் பட்டால், அங்கே புண் இல்லாவிட்டாலும், ஆழமான கடிக்குத் தரும் சிகிச்சையே தேவை. இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் இன்றும் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.