சோலாரில் வீடு கட்டுகிறீர்களா? ட்ரில்லுக்கு முன்னால் சார்ஜரைப் பாருங்கள்

லைன் கரண்ட் வராத இடத்தில், சோலாரை மட்டும் நம்பிக் கட்டட வேலை தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த கார்ட்லெஸ் ட்ரில்லுக்கு டார்க், அதாவது திருகும் விசை, அதிகம் என்றுதான். உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை வாட், ட்ரில் பேட்டரியை எந்த நேரத்தில் சார்ஜ் போடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் ட்ரில் பேட்டரி என்றால், இரண்டையும் பெருக்கினால் அதில் இருப்பது 90 வாட்-ஹவர். சார்ஜரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதையும் சேர்த்தால், அதை நிரப்ப 110, 120 வரை தேவைப்படும். சோலாரோடு இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1200 வாட்-ஹவர், ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும் என்பதால் கையில் இருப்பது 600தான். ஐந்து முறை சார்ஜ் ஏற்றினால் தீர்ந்தது, அதற்குள்தான் லைட்டும் போனும் மோட்டாரும்.

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது. ட்ரில் பேட்டரி ஓரிரு மணி நேரத்தில் நிரம்பிவிடும், இன்வெர்ட்டர் மட்டும் விடியும்வரை சும்மா ஓடிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போதே 15 வாட் எடுக்கிற இன்வெர்ட்டர் என்றால் 10 மணி நேரத்தில் 150 வாட்-ஹவர் காலி, இன்னொரு பேட்டரியையே நிரப்பியிருக்கலாம்! நடுப்பகலில் போடுங்கள். அந்த நேரத்தில் பேனல் தருவதில் ஒரு பகுதி பல நாள் வீணாகத்தான் போகிறது.

வேகமாக ஏற்றும் சார்ஜரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். சிலது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் டக்கென்று ட்ரிப் ஆகிவிடும். மெதுவான சார்ஜரும் கூடுதலாக ஒரு பேட்டரியும் போதும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையாக, அதாவது லைன் கரண்ட் மாதிரியே சீரான கரண்ட் தருவதாக, இருக்கட்டும், மற்ற வகையில் சில சார்ஜர்கள் சூடேறிக் கெட்டுப்போகும். 12 வோல்ட்டிலேயே ஓடும் சார்ஜர் உங்கள் பிராண்டில் கிடைத்தால் இன்வெர்ட்டரே வேண்டாம்.

அப்புறம் 18 வோல்ட்டா, 20 வோல்ட்டா என்ற குழப்பம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, முழு சார்ஜில் இருக்கும் அளவை எழுதினால் அது ஏறத்தாழ 20 ஆகிவிடுகிறது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, ட்ரில். பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் உள்ளதை வாங்குங்கள், அதே சார்ஜில் கூடுதல் துளை போடும். நீள ஸ்க்ரூ இறக்க, தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவர் தனியாக வேண்டும். கான்கிரீட்டை சாதாரண ஹேமர் ட்ரில்லால் குடைந்துகொண்டிருந்தால் பேட்டரிதான் கரையும், அதற்கு, பிட்டைப் பலமாக இடித்துக்கொண்டே சுழற்றும் எஸ்.டி.எஸ். ரோட்டரி ஹேமர் வேண்டும். எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒரே பிராண்டில் எடுங்கள். துளை போடும் முனையான பிட்டையும் பாருங்கள்: மரத்திலிருந்து சுருள் சுருளாக வருவதற்குப் பதில் கருகிய பொடி வந்தால் பிட் மழுங்கிவிட்டது, நீங்கள் அழுத்த அழுத்த சார்ஜ் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பெரிய துளைக்குப் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கட்டாயம் மாட்டுங்கள். பிட் சிக்கினால் ட்ரில் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும், ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிற இடத்தில் இது சாதாரண விஷயமில்லை. மலிவான போலி பேட்டரிகள் பக்கமே போகாதீர்கள். பலவற்றில் பாதுகாப்பு சர்க்யூட் சரியாக இருக்காது, தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். வெயிலில் கொதித்த பேட்டரியை நிழலில் ஆறவிட்டு, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே உறைந்ததை அறைக்குள் வைத்துக் குளிர் போனபிறகு, சார்ஜில் போடுங்கள்.