ஒரே மகனா, மகன்களில் ஒருவரா? ஆங்கிலக் கால்புள்ளி சொல்லிவிடும்

கும்பகோணத்தில் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். விசாவுக்கான கடிதம், உயில், பாகப்பிரிவினைப் பத்திரம் என்று எது வந்தாலும் எழுத்துப்பிழையைவிடக் கால்புள்ளிதான் எனக்குக் கவலை தருகிறது. எழுத்துப்பிழை பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடும். இடம் தவறிய கால்புள்ளியோ சரியான ஆங்கிலம் போலவே நின்று வேறொரு செய்தியைச் சொல்லிவிடும்.

மகனைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோர் கொண்டுவரும் கடிதங்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி இருக்கும்: "மை சன் ஹூ வொர்க்ஸ் இன் சிங்கப்பூர் வில் மீட் தி எக்ஸ்பென்சஸ்." கால்புள்ளி இல்லாததால், இவருக்கு வேறு மகன்களும் உண்டு, அவர்களில் சிங்கப்பூரில் இருப்பவர் செலவை ஏற்கிறார் என்றுதான் படிப்பவர் கொள்வார். விண்ணப்பத்தில் ஒரே மகன் என்று இருந்தால் இரண்டும் முரண்படும். ஒரே மகன் என்றால் "மை சன்" என்பதற்குப் பின் ஒன்று, "சிங்கப்பூர்" என்பதற்குப் பின் ஒன்று என இரண்டு கால்புள்ளிகள் வேண்டும். அப்போது நடுவில் இருப்பது கூடுதல் தகவல். எடுத்துவிட்டாலும் யாரைச் சொல்கிறோம் என்பது மாறாது.

நம் மொழியில் வருணனை பெயரெச்சமாக முன்னால் வந்துவிடுகிறது. "சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன்" என்றால் ஒரே மகனாகவும் இருக்கலாம், மூவரில் ஒருவராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதை முடிவு செய்தே ஆகவேண்டும். அதனால் "உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்காமல் நான் அந்த வரியை எழுதுவதில்லை.

உயிலில் இது இன்னும் கடுமை. "வாய்க்காலை ஒட்டிய என் நிலங்கள் மூத்த மகனுக்கு" என்பதை "மை லேண்ட்ஸ் விச் அட்ஜாயின் தி சேனல்" என்று கால்புள்ளியின்றி எழுதினால், வாய்க்காலை ஒட்டியவை மட்டும் மூத்தவருக்கு. "லேண்ட்ஸ்" என்பதற்குப் பின்னும் "சேனல்" என்பதற்குப் பின்னும் கால்புள்ளி இட்டால், நிலங்கள் எல்லாமே வாய்க்காலை ஒட்டியவை, அத்தனையும் அவருக்கே என்றாகிவிடும். தண்ணீர் பாய்கிற வயலுக்கும் பாயாத மேட்டு நிலத்துக்கும் உள்ள வேறுபாடு டெல்டாவில் யாருக்கும் தெரியும். தயவுசெய்து சொத்தைக் கால்புள்ளியிடம் ஒப்படைக்காதீர்கள். சர்வே எண்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. கனடாவில் கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கான ஒப்பந்தம் ஒன்றில், ஒரு சொற்றொடரை மூடிய இரண்டாவது கால்புள்ளியை வைத்தே, முதல் ஐந்தாண்டுகளுக்குள்ளும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2006இல் முடிவு செய்தது. 2007இல் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்த பிறகே அது மாறியது.

ஊர், ஆறு போன்ற சிறப்புப் பெயர்களில் குழப்பம் குறைவு. "தி காவேரி" என்றதுமே எந்த ஆறு என்று தெரிந்துவிடுவதால், "விச் ரைசஸ் அட் தலைக்காவேரி" என்ற வருணனைக்கு இருபுறமும் கால்புள்ளி கட்டாயம். வெறும் "ரிவர்" என்றால் நிலைமை வேறு. அரசலாறா, குடமுருட்டியா, வெண்ணாறா என்பதை வருணனைதான் காட்ட வேண்டும். அங்கே கால்புள்ளி கூடாது. "விச்" இருக்கும் இடத்தில் "தட்" போட்டாலும் பொருள் மாறவில்லை என்றால் கால்புள்ளி வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூச்சு விடும் இடத்தில் கால்புள்ளி என்று பள்ளியில் சொல்லித் தந்ததை மறந்துவிடுங்கள். "தி ஃபார்மர்ஸ் ஆஃப் அவர் வில்லேஜ், ரிக்வெஸ்ட் யூ" என்று பயிர்க் காப்பீட்டுக் கடிதங்களில் வருவது அந்தப் பாடத்தால்தான். எழுவாய் எவ்வளவு நீண்டாலும் அதற்கும் வினைக்கும் நடுவே தனிக் கால்புள்ளி வராது. இடையில் "ஹூ லாஸ்ட் தேர் சம்பா க்ராப்" என்று சேர்ப்பதானால், ஊர் விவசாயிகள் அனைவரும் பயிர் இழந்தவர்களா என்று முதலில் கேளுங்கள். அனைவரும் என்றால் முன்னும் பின்னும் இரண்டு கால்புள்ளி. சிலர் மட்டும் என்றால் ஒன்றுகூட வேண்டாம்.