ஒரே படம், பத்துக் கதை, இரண்டு கட்சி

ரிச்சர்ட் கர்டிஸ் இயக்கிய 'லவ் ஆக்சுவலி' 2003இல் வெளிவந்தது. இன்றும் கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்தப் படத்தை வைத்துச் சண்டை தொடங்கிவிடும். அதைப் பார்க்காமல் பண்டிகையே களைகட்டாது என்பார்கள் சிலர். திகட்டத் திகட்ட இனிப்பு, நடுநடுவே அசட்டுத்தனம் என்பார்கள் மற்றவர்கள்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு பண்டிகையைச் சுற்றிப் பல ஜோடிகளின் கதைகளைப் பின்னிக்கொண்டு போகும் இந்த வகைப் படங்களில், பிளவுக்கான விதை படத்தின் வடிவத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு எளிய கணக்கு. படத்தின் நீளம் 135 நிமிடம். கதைகள் ஏறத்தாழ பத்து. சமமாகப் பங்கிட்டால் ஒரு கதைக்குப் பதின்மூன்று நிமிடம் சொச்சம். ஒரே ஒரு ஜோடியை வைத்து எடுக்கும் படத்துக்கே, இவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்று நம்மை நம்பவைக்க ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது. பதின்மூன்று நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? ஒரு சந்திப்பு, கொஞ்சம் தயக்கம், ஒரு தடங்கல், ஒரு முத்தம். நடுவில் விட்டுப்போனதையெல்லாம் பார்ப்பவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். அதற்கான சரக்கு அவரவர் வாழ்க்கையிலிருந்துதான் வரும்.

அந்தப் படத்தில் அதிகம் பேசப்படும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஒருவன் தன் உயிர் நண்பனின் புது மனைவியைக் காதலிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அவள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கும் நண்பனுக்குத் தெரியாமல், எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தன் மனதைச் சொல்கிறான். அந்த நட்பு அப்புறம் என்ன ஆனது என்று படம் நின்று விளக்குவதில்லை. எதையும் எதிர்பார்க்காமல் சொல்லிவிட்டுப் போகிற மென்மையான மனிதன் என்று ஒருவர் அந்த இடத்தை நிரப்புகிறார். நண்பனின் முதுகுக்குப் பின்னால் இதென்ன வேலை என்று இன்னொருவர் நிரப்புகிறார். திரையில் ஓடிய பிம்பங்களில் எந்த மாற்றமும் இல்லை.

இப்படி நிரப்புவது மூளையில் தடயம் விடுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையில், இரண்டு குழுக்களுக்கு ஒரே சிறுகதையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். மனைவி துரோகம் செய்கிறாள் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கணவன் வீணாகச் சந்தேகப்படுகிறான் என்று மற்றக் குழுவிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டது ஒரே குரல், ஒரே சொற்கள். ஆனால் மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் பார்த்தபோது, கேட்டதைக் கோத்துப் பொருள் காணும் மேல்நிலைப் பகுதிகளில் ஒரே நம்பிக்கை உள்ளவர்களின் மூளைகள் தங்களுக்குள் ஒத்துப்போயின, எதிர்த் தரப்பிலிருந்து விலகி நின்றன. ஆய்வாளர்கள் ஒரே ஒரு தகவலை விதைத்ததற்கே இந்த வித்தியாசம். நாம் ஒவ்வொருவரும் ஒரு வாழ்நாள் அனுபவத்தைச் சுமந்துகொண்டு திரையரங்குக்குப் போகிறோம்.

சரி, ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால் முழுப் படத்தையும் ஏன் வெறுக்க வேண்டும்? பத்துக் கதைக்கும் மதிப்பெண் போட்டு நாம் சராசரி எடுப்பதில்லை என்பதுதான் காரணம். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்கு மேல் 30 விநாடி, அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் நீரைச் சற்றே சூடாக்கினார்கள். எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், இருந்தும்! நினைவு உச்சத்தையும் முடிவையும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

பத்துக் கதையுள்ள படத்தில் உச்சமாகக்கூடிய இடங்களும் பத்து. கணவன் வாங்கிய நகை தனக்கில்லை என்று தெரிந்து நடிகை எம்மா தாம்ப்சன் படுக்கையறையில் தனியாக அழும் காட்சி ஒருவருக்கு உச்சம். அவர் நினைவில் இது துயரத்தைத் தொட்ட படம். இன்னொருவருக்கு உச்சம், தான் நெளிந்து உட்கார்ந்த ஏதோ ஒரு இடம். முடிவில் விமான நிலையத்தில் ஏறத்தாழ எல்லாக் கதைகளும் கூடும்போது, முதலாமவருக்கு நெஞ்சு நிறைகிறது, இரண்டாமவருக்கு அவசரத் தையலாகத் தெரிகிறது.

இதெல்லாம் பிளவை உண்டாக்குபவை. பிளவைப் பெரிதாக்கிக் காட்டுபவை வேறு. இணையத்தில் மதிப்பெண் போடுவோரில், மிகவும் பிடித்தவர்களும் எரிச்சலடைந்தவர்களும்தான் அதிகம். பரவாயில்லை ரகம் என்று நினைத்தவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இதை ஆராய்ந்தவர்கள், ஓர் இசை ஆல்பத்தைப் பற்றி ஒரு குழுவில் எல்லோரிடமும் கேட்டபோது, இணைய மதிப்புரைகளில் காணாமல்போன நடுத்தர மதிப்பெண்கள் திரும்ப வந்துவிட்டன. அப்புறம், விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பலர் மதிப்பெண்ணாகவே படிக்கிறார்கள். விமர்சகர்களில் எத்தனை பேர் சாதகமாக எழுதினார்கள் என்பதுதான் அந்த எண். எல்லோருக்கும் சுமாராகப் பிடித்த படம் அதில் 90ஐத் தாண்டலாம். பாதிப் பேர் உயிரையே வைத்திருக்கும் படம் 50இல் நிற்கலாம்.

பண்டிகைப் படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவை வருடாவருடம் திரும்ப வருகின்றன. மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது மெல்லப் பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸையான்ஸ் 1968இல் காட்டினார். ஆனால் ஆரம்பத்திலேயே கசந்த ஒன்றுக்கு அந்த விதி உதவுவதில்லை, சில சமயம் கசப்பு கூடவும் செய்கிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. ஆகவே முதல் தடவையே மயங்கியவர் ஒவ்வொரு டிசம்பரிலும் இன்னும் கொஞ்சம் நெருங்குகிறார். பிடிக்காதவரையும் அதே சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள்.